கட்டுத்தறி மாட்டுக்குச் சினைப்பருவக் கருவி: கோத்தகிரிச் சரிவுக் கொட்டகையை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கழுத்துப்பட்டை, கால்பட்டை, காதுவில்லை என்று சந்தைக்கு வரும் சினைப்பருவக் கருவிகள், அதாவது மாடு சினை பிடிக்கத் தயாராகும் நேரத்தைக் கண்டுசொல்லும் கருவிகள், பெரும்பாலும் மாடுகள் அவிழ்ந்து திரியும் பெரிய கொட்டகைகளை மனதில் வைத்து உருவானவை. அங்கே பருவத்துக்கு வந்த மாடு ஓயாமல் நடக்கும், அடுத்த மாட்டின் மேல் தாவும், தன் மேல் தாவ வரும் மாட்டுக்கு நின்று கொடுக்கும். அந்த நடமாட்டத்தைக் கருவி எண்ணிப் பார்த்து அலாரம் தருகிறது. நீலகிரியில் நிலைமை வேறு. சரிவை வெட்டிச் சமன்படுத்திய ஒடுக்கமான இடத்தில், தகரக் கூரைக்கு அடியில், தீவனத்தொட்டியைப் பார்த்தபடி கட்டி நிற்கும் மாடுகளே இங்கே அதிகம். அவிழ்த்துவிடச் சமதரை இல்லை. இருட்டிய பிறகு சிறுத்தைக்கும் காட்டெருமைக்கும் பயந்து கதவைச் சாத்தியாக வேண்டும். இப்படிப்பட்ட கொட்டகையில் அதே கருவியை வாங்கி மாட்டினால் என்ன நடக்கும், எதை மாற்றினால் அது பயன் தரும் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இதற்காக ஒரு மாதிரிக் கொட்டகையை எடுத்துக்கொள்கிறோம். இடம் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட தேயிலைச் சரிவு. மொத்தம் 12 மாடுகள், எல்லாம் ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பினம். தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பையும் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு ஃப்ரீசியன் கலப்பையும் பரிந்துரைப்பதால் இங்கே இந்த இனம்தான் கண்ணில் படும். 12-இல் 5 சினை உறுதியானவை, 2 கன்று ஈன்று 40 நாள் ஆகாதவை, மீதி 5 சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு) காத்திருப்பவை. கொட்டகை வேலைக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் பகலில் தேயிலை பறிக்கவும் போவார். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் பிரச்சினைகள் ஒவ்வொன்றும் இந்த மலையில் உள்ளவை.

கண் ஏன் போதவில்லை

பசுவின் சினைச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 நாள் வரை இயல்பு. பருவம் நீடிக்கும் நேரம் 12 முதல் 18 மணி என்று பாடநூல்கள் சொல்லும். அதிகப் பால் தரும் மாடுகளில் அது 8 மணிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பருவ அறிகுறிகள் மாலைக்கும் விடியலுக்கும் இடையில்தான் அதிகம் தெரியும். காலை 6 மணிப் பாலுக்கும் மாலை 4 மணிப் பாலுக்கும் மட்டும் கொட்டகைக்குள் நுழைகிறவரின் கண்ணில் இரவு 9 மணிக்குத் தொடங்கி விடியுமுன் முடிந்துபோன பருவம் படாது. மாட்டுக்குப் பின்னால் தரையில் கண்ணாடிபோல் ஒட்டிக் கிடக்கும் வழும்புதான் ஒரே சாட்சி. சாணம் அள்ளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் அதுவும் போய்விடும்.

ஒரு பருவம் தவறினால் 21 நாள் வீண். ஒரு மாட்டுக்குத் தீவனமும் பராமரிப்பும் நாளுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,200 ரூபாய். அடுத்த கன்றும் அதன் பின்னால் வரும் பாலும் 21 நாள் தள்ளிப்போவது தனி. இரண்டு மூன்று பருவம் தொடர்ந்து தவறிய மாட்டைத்தான் 'சினை நிற்காத மாடு' என்று முத்திரை குத்தி அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறோம். அவற்றில் பல நல்ல மாடுகள். பார்க்க வேண்டிய நேரத்தில் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எந்தக் கருவி

தாவுவதை நம்பும் கருவிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். வால் அடியில் ஒட்டி, மேலே மாடு ஏறினால் நிறம் மாறும் ஒட்டுப்பட்டை, அழுத்தத்தை உணர்ந்து ரேடியோ வழியாகச் சொல்லும் கருவி, வாலடியில் பூசும் சாயம், தாவுவதைப் படத்தில் தேடும் கேமரா எல்லாம் இந்த வகை. கட்டி நிற்கும் மாட்டின் மேல் எதுவும் ஏறப்போவதில்லை. தாவலே இல்லாத இடத்தில் அவை மாதக்கணக்கில் மௌனமாக இருக்கும்.

உடல் வெப்பத்தை நம்பும் கருவிகளுக்கு வேறு சிக்கல். பருவத்தின்போது உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் அளவில் உயர்வது உண்மை. ஆனால் வயிற்றுக்குள் தங்கும் மாத்திரை வடிவ வெப்பமானி, மாடு தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும் பல டிகிரி கீழே விழும். டிசம்பர், ஜனவரியில் இந்த மலையின் ஓடைத் தண்ணீரை ஒரே மூச்சில் 20 லிட்டர் குடித்த மாட்டின் வயிறு பழைய வெப்பத்துக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். அந்தச் சரிவுகளைக் கழித்துவிட்டு அரை டிகிரி உயர்வைத் தேட நல்ல மென்பொருள் வேண்டும். பாலில் உள்ள புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அளக்கும் கருவி எல்லாவற்றையும்விடத் துல்லியமானது, அறிகுறி காட்டாமல் கழியும் ஊமைச் சினையையும் பிடித்துவிடும். அது கறவை இயந்திர வரிசையோடு இணைக்கப்பட்ட பெரிய பண்ணைக்கான ஏற்பாடு. 12 மாட்டுக்கு வாங்கக்கூடிய பொருள் அல்ல.

மிஞ்சுவது அசைவுமானி. மூன்று திசைகளிலும் அசைவை அளக்கும் சிறு சில்லு, ஒரு பேட்டரி, ஒரு ரேடியோ. பருவத்துக்கு வந்த மாடு அதிகம் நடப்பதைக் காலடி எண்ணும் கருவியால் பிடிக்கலாம் என்பது 1970களிலேயே அளந்து காட்டப்பட்டது. இன்றைய பட்டைகள் அதோடு அசைபோடும் நேரத்தையும் படுத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன. கட்டுத்தறி மாட்டுக்கு இந்த இரண்டுதான் முக்கியம். கயிறு நடையைத் தடுக்கலாம். பருவத்துக்கு வந்த மாடு படுக்காமல் இரவு முழுக்க நிற்பதையோ, அசைபோடுவதைக் குறைத்துவிடுவதையோ கயிற்றால் தடுக்க முடியாது. ஆகவே வாங்குமுன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. நின்ற நேரம், படுத்த நேரத்தைக் கருவி தனியாகக் காட்டுமா? கட்டிவைத்த மாட்டுக்கான தனி அமைப்பு மென்பொருளில் உண்டா? இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அந்தக் கருவி இந்தக் கொட்டகைக்கு ஆகாது.

கழுத்தா, காலா என்ற கேள்விக்கு எங்கள் தேர்வு இப்படி: மாடு நாள் முழுக்கக் கட்டியே இருந்தால் பின்னங்காலில் கட்டும் பட்டை. தினமும் கொஞ்ச நேரமாவது அவிழ்த்துவிட வழி இருந்தால் அசைபோடுதலையும் அளக்கும் கழுத்துப்பட்டை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் கால்பட்டை வேண்டாம். பட்டைக்கு அடியில் ஈரம் தங்கித் தோல் வெந்துபோகும். அட்டை கடித்தால் மாடு காலை உதறிக்கொண்டே இருக்கும், கருவி அதையும் காலடியாக எண்ணிக்கொள்ளும்.

மாட்டும் விதம்

கழுத்துப்பட்டையின் எடைக்கட்டி கழுத்துக்கு அடியில் தொங்க வேண்டும். அது இருந்தால்தான் பட்டை சுற்றிக்கொள்ளாமல், கருவி காதுக்குப் பின்னால் கழுத்தின் பக்கவாட்டில் நிற்கும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைத் தயாரிப்பாளர் சொன்னபடி வைக்க வேண்டும். மாற்றினால் அசைபோடும் கணக்கு தப்பும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்தால் போய்வர வேண்டும். தளர்வாக விட்டால் தீவனத்தொட்டியின் சுவரில் கருவி இடித்துக்கொண்டே இருக்கும், அதுவும் அசைவாகப் பதிவாகும்.

நம் ஊரில் வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத ஒரு தொல்லை உண்டு. மாட்டின் கழுத்தில் ஏற்கனவே கயிறோ சங்கிலியோ மணியோ இருக்கிறது. சங்கிலி கருவியின் மேல் உராயும் ஒவ்வொரு தடவையும் அசைவு கூடும். பட்டை மாட்டும் மாடுகளுக்குச் சங்கிலியை எடுத்துவிட்டு, கழுத்தின் அடிப்பகுதியில், தோள்பட்டைக்கு அருகே நைலான் நாடா போட்டுக் கட்டுவது நல்லது. கருவி மேலேயும் கயிறு கீழேயும் இருந்தால் ஒன்றை ஒன்று தொடாது. மணியைக் கழற்றிவிட வேண்டும்.

கால்பட்டை என்றால் கணுவுக்கு மேலே, இரண்டு விரல் இடைவெளியோடு. வாரம் ஒரு முறை கழற்றிச் சேற்றைக் கழுவி, தோலைப் பார்த்து மாட்ட வேண்டும்.

கருவி எண்ணை மாட்டோடு இணைக்கும்போது பெயர் மட்டும் எழுதாமல், மஞ்சள் காதுவில்லையின் 12 இலக்க எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களையும் சேர்த்துப் பதிய வேண்டும். 'வெள்ளச்சி' என்ற பெயர் கொட்டகைக்கு இரண்டு இருக்கும். பட்டையைக் கழற்றி வேறு மாட்டுக்குப் போட்டுவிட்டுச் செயலியில் மாற்ற மறந்தால், ஒரு மாட்டின் பருவத்துக்கு இன்னொரு மாட்டுக்கு ஊசி விழும். அந்த இன்னொரு மாடு சினையாக இருந்தால் கருப்பைக்குள் குழல் போய்க் கரு கலைந்துபோகக்கூடும். இந்தத் தொழிலில் இதைவிடக் கவலைப்பட வேண்டிய தவறு குறைவு.

மாட்டிய முதல் 7 முதல் 10 நாள் கருவி அந்த மாட்டின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் காலம். அப்போது வரும் அலாரத்தை நம்ப வேண்டாம், வராததையும் நம்ப வேண்டாம்.

சிக்னலும் கரண்டும்

பட்டையிலிருந்து வரும் தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டிதான் கேட்வே. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நெடுந்தூரம் எட்டும் லோரா வகை ரேடியோ கொண்ட கருவிகள் மலைக்குத் தோதானவை. ப்ளூடூத் வகை கொட்டகைச் சுவரைத் தாண்டினாலே பெரிது. மூடுபனியால் சிக்னல் போச்சு என்று பலர் சொல்வார்கள். இந்த அலைவரிசையில் பனி பெரிய தடை இல்லை. நடுவே நிற்கும் மேடுதான் தடை, அடுத்தது தகரக் கூரை. ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே ஒரு மீட்டர் உயர்த்திக் குழாயில் கட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். ஆன்டெனா கம்பி சேரும் மரையைத் தானே ஒட்டும் ரப்பர் நாடாவால் சுற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் உள்ளே பச்சை பிடித்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையோடு இடியும் வரும் பகுதி இது. குழாய்க்குத் தனி எர்த் கம்பி போடாமல் விடக்கூடாது.

மின்தடைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதும் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். 12 × 7 = 84 வாட்-மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் கெடும், ஆக 42. கேட்வேயும் மோடமும் சேர்ந்து 5 வாட் இழுத்தால் 8 மணி நேரம் ஓடும். மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் எட்டு மணி நேரத்தில் சரியாகும் என்று மலையில் இருப்பவர் யாரும் நம்ப மாட்டார்கள். எனவே பட்டை தன் நினைவகத்தில் குறைந்தது 24 மணி நேரத் தகவலைச் சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்புமா என்று பார்த்து வாங்க வேண்டும். அலாரம் செயலிக்கு மட்டும் வராமல் எஸ்எம்எஸ் ஆகவும் வர வேண்டும். பள்ளத்தில் இருக்கும் வீட்டில் இணையம் வராது, எஸ்எம்எஸ் எப்படியாவது வந்து சேரும்.

பொய் அலாரம் எங்கிருந்து வருகிறது

கருவி பெரும்பாலும் ஒரு நாளை இரண்டு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, இன்றைய துண்டைக் கடந்த 7 முதல் 10 நாளின் அதே துண்டோடு ஒப்பிடுகிறது. 'இந்த மாடு இந்த நேரத்தில் வழக்கமாக இவ்வளவு அசையும். இன்று அதைவிட எவ்வளவு அதிகம்?' என்பதே அதன் ஒரே கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மலைக் கொட்டகையின் பொய் அலாரங்கள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

பறிப்புக் காலத்தில் பால் கறக்கும் நேரம் ஒரு மணி முன்னே போனால், அசைவு ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத் தாவும். மாடு மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது. கருவிக்கு அது தெரியாது. இரவு 2 மணிக்குக் காட்டெருமைக் கூட்டம் கொட்டகையை ஒட்டிப் போனால் 12 மாடும் எழுந்து கயிற்றை இழுக்கும். சிறுத்தை வாடை அடித்தாலும் அப்படியே. கேரட் கழுவும் இடத்திலிருந்து ஒரு வண்டி கழிவுக் கேரட்டும் கோஸ் இலையும் மலிவாக வந்து, வைக்கோலைக் குறைத்து அதை வாரிக் கொட்டினால், அடுத்த நாள் எல்லா மாடுகளின் அசைபோடும் நேரமும் விழும். நார் குறைந்தால் அசை குறையும். அதைப் பருவம் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளும் உண்டு.

இந்த மூன்றுக்கும் பொது அடையாளம் ஒன்று: எல்லா மாடுகளும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. பருவத்துக்கு வருவது ஒன்றோ இரண்டோதான். ஆகவே அலாரம் வந்ததும் முதலில் செயலியில் அந்த மாட்டின் அசைவு வரைகோட்டை மட்டும் பார்க்காமல், பக்கத்து மாட்டின் வரைகோட்டையும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மணியில் ஏறியிருந்தால் அது கொட்டகைக்கு நேர்ந்த சம்பவம். பட்டை மாட்டிய மாடு ஆறேழு இருந்தால் இந்த ஒப்பீடு நன்றாக வேலை செய்யும். இரண்டே மாடு வைத்திருப்பவருக்கு இது கிடைக்காது.

தனி மாட்டுக்கு மட்டும் வரும் பொய்களும் உண்டு. சமவெளிச் சந்தையில் வாங்கி மலைக்கு ஏற்றிய மாடு இடம் பழகும்வரை அலைபாயும். கன்றைப் பிரித்த அன்று தாய் கத்தித் தீர்க்கும். கருமுட்டைப் பையில் நீர்க்கட்டி உள்ள மாடு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை அலாரம் தரும். அது பொய்யில்லை, நோய். எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். குளம்பில் புண் உள்ள மாடு பருவத்துக்கு வந்தாலும் அசையாது, வழுக்கும் சிமெண்டுத் தரையில் நிற்கும் மாடு காலைத் தூக்கவே பயப்படும். ரப்பர் விரிப்புப் போட்ட பிறகு பருவம் தெளிவாகத் தெரிய ஆரம்பிப்பது இதனால்தான்.

12 மாட்டுக்கு எத்தனை பட்டை

விற்பவர் 12 என்பார். கணக்கு வேறு சொல்கிறது. கருவி 100 பருவத்தில் 80-ஐப் பிடிக்கிறது, பருவமில்லாத 100 மாட்டு-நாளில் ஒன்றில் மட்டும் தவறாக ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிக நல்ல கருவி. 12 மாடும் பட்டையோடு நின்றால் 21 நாளில் 12 × 21 = 252 மாட்டு-நாள். பருவத்துக்கு வரக்கூடியவை 5, அதில் 4 பிடிபடும். மீதி ஏறத்தாழ 247 நாளில் இரண்டு மூன்று பொய் ஒலி. வரும் ஆறேழு அலாரத்தில் நான்குதான் மெய். ஊசிக்குக் காத்திருக்கும் 5 மாட்டுக்கு மட்டும் பட்டை போட்டால் 105 மாட்டு-நாள், ஒரே ஒரு பொய் ஒலி. ஐந்து அலாரத்தில் நான்கு மெய். கருவி அதேதான். கேட்கும் மாட்டைக் குறைத்ததால் நம்பகம் கூடியது.

எனவே இந்தக் கொட்டகைக்கு 7 பட்டை போதும். காத்திருக்கும் ஐந்துக்கு ஐந்து, கன்று ஈன்ற இரண்டுக்கு இரண்டு. சினை உறுதியானதும் கழற்றி, கன்று ஈன்று 30 நாள் ஆன மாட்டுக்குப் போட வேண்டும். கற்றுக்கொள்ளும் 10 நாள் கழிந்து, 40-ஆம் நாளில் கருவி தயாராக நிற்கும். ஊசி போடத் தொடங்குவது 60-ஆம் நாளுக்குப் பிறகே. அதற்கு முன் வரும் பருவத்தைக் குறித்து மட்டும் வைத்தால் 60-க்குப் பிறகு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஈன்ற பிறகு முதலில் வரும் கருமுட்டை வெளியேற்றம் பெரும்பாலும் ஊமையாகவே கழியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அரை மணி நேரக் களம்

கட்டியே வைத்த மாட்டில் அசைவுக் கோடு மேடாக எழாமல் சிறு புடைப்பாகத்தான் தெரியும். அலாரத்துக்கான வரம்பைத் தாழ்த்தினால் புடைப்பு பிடிபடும், கூடவே பொய்யும் பெருகும். இதற்கு மென்பொருளில் தீர்வு தேடுவதைவிட ஒரு சிறு களம் அமைப்பது மேல். 6 மீட்டருக்கு 8 மீட்டர், மண் தரை, சுற்றிலும் வலுவான அடைப்பு. சினை ஊசிக்குக் காத்திருக்கும் ஐந்தையும் ஒன்றாக, காலைக் கறவைக்குப் பிறகும் மாலை இருட்டுமுன்னும் அரை மணி நேரம் அவிழ்த்துவிட வேண்டும். தினமும் அதே நேரம் என்பது முக்கியம், கருவியின் ஒப்பீடு அதில்தான் நிற்கிறது. பருவத்தில் உள்ள மாடு அந்த அரை மணியில் மற்றவற்றை விடாது. கோடு நேராக மேலே எழும். வேலையாளும் தாவலைக் கண்ணால் பார்ப்பார். முதலில் ஒதுக்கிய வாலடிச் சாயம்கூட இப்போது பயன்படும், மழை இல்லாத மாதங்களில்.

சமதரைக்கு வழியே இல்லாதவர்கள் கால்பட்டையின் நின்ற நேரத்தைத்தான் நம்ப வேண்டும். இரவு 10 முதல் 4 வரை வழக்கமாகப் படுத்து அசைபோடும் மாடு நின்றே கழித்திருந்தால் விடியலில் அதன் வாலைத் தூக்கிப் பார்ப்பது கட்டாயம்.

அலாரத்திலிருந்து ஊசி வரை

அலாரம் வந்தால் நேரே மருத்துவரைக் கூப்பிடக் கூடாது. மாட்டிடம் போக வேண்டும். பிறப்புறுப்பு உப்பிச் சிவந்திருக்கிறதா, வழும்பு கண்ணாடிபோல் தெளிவாக, அறுபடாமல் கயிறாகத் தொங்குகிறதா, பால் குறைந்ததா, கத்துகிறதா. வழும்பு கலங்கலாக, சீழ் கலந்திருந்தால் அது கருப்பை அழற்சி. அன்று ஊசி வேண்டாம், சிகிச்சை வேண்டும். இரத்தம் கலந்திருந்தால் பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டது. அப்போது போடும் ஊசி வீண். அன்றைய தேதியைக் குறித்து, 17-ஆம் நாளிலிருந்து கூர்ந்து கவனித்தால் அடுத்தது தவறாது. மாட்டின் குறிப்பேட்டில் பழைய தேதியையும் பார்க்க வேண்டும். போன பருவத்திலிருந்து 18 முதல் 24 நாள் என்றால் மெய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். 36 முதல் 48 என்றால் நடுவில் ஒன்று தவறியிருக்கிறது. ஏற்கனவே ஊசி போட்ட மாடு என்றால் சினை இல்லை என்பதை மருத்துவர் கையால் உறுதி செய்த பிறகே அடுத்த ஊசி, ஏனென்றால் சினை மாடுகளில் சில பருவ அறிகுறி காட்டும்.

இனி நேரம். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்ற பழைய விதி 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ட்ரிம்பெர்கர் செய்த ஆய்விலிருந்து வந்தது. அது நாம் பார்த்த நேரத்தை வைத்துப் போட்ட விதி. கருவி தொடங்கிய நேரத்தையே தருவதால் இன்னும் நெருக்கமாகக் கணக்கிடலாம். நடமாட்டம் உயரத் தொடங்கியதிலிருந்து கருமுட்டை வெளிவரச் சராசரியாக 29 மணி நேரம் ஆகிறது. வெளிவருவதற்கு 24 முதல் 12 மணி முன்னால் விந்து உள்ளே போனால் சினை பிடிக்க நல்ல வாய்ப்பு. கழித்துப் பார்த்தால், தொடக்கத்திலிருந்து 5-ஆம் மணி முதல் 17-ஆம் மணி வரை. பல கருவிகள் இரண்டு துண்டு தொடர்ந்து உயர்ந்தால்தான் ஒலிக்கும், அதாவது தொடங்கி 4 மணி நேரம் கழித்து. எனவே அலாரம் வந்த மணியை அல்ல, வரைகோட்டில் ஏற்றம் தொடங்கிய மணியைப் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

விடிகாலை 4 மணிக்கு அலாரம் என்றால் தொடக்கம் நள்ளிரவு. காலை 5 முதல் மாலை 5 வரை ஊசிக்கு நேரம் இருக்கிறது. நிதானமாக முற்பகலில் போடலாம். காலை 10 மணிக்கு அலாரம் என்றால் அன்று பிற்பகல். இரவு 11-க்கு வந்தால் மறுநாள் முதல் வேலை அதுதான். சிக்கல் மாலை 6 மணி அலாரத்தில். தொடக்கம் பிற்பகல் 2 மணி, உகந்த நேரம் இரவு 7 முதல் மறுநாள் காலை 7. இரவில் கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் வரமாட்டார்கள். மறுநாள் காலை 8 மணிக்கு வந்தால் 18-ஆம் மணி. அப்போதும் போடலாம், 11 மணிக்குத் தள்ளிப்போட்டால் வாய்ப்பு வேகமாகக் குறையும், ஏனென்றால் விந்தணு பக்குவப்படவே ஆறு மணி நேரம் ஆகும், கருமுட்டையின் ஆயுளும் குறுகியது. இப்படிப்பட்ட மாலை அலாரத்துக்கு இரவே தொலைபேசியில் சொல்லி, மறுநாள் சுற்றில் இந்தக் கொட்டகையை முதல் நிறுத்தமாக வைக்கச் சொல்ல வேண்டும்.

மலைக்கே உரிய கடைசிக் கண்ணி, குளிர். உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருப்பது. 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் அந்தக் குச்சியைச் சில்லென்ற ஊசிக் குழலில் ஏற்றினால், உருகிய விந்தணு மறுபடி குளிர் அதிர்ச்சிக்கு ஆளாகி முடங்கிவிடும். உள்ளங்கையில் தேய்த்துக் குழலைச் சூடேற்றி, ஏற்றிய குழலைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்து, தாமதமின்றிப் போட வேண்டும். வெந்நீர்க் குடுவையும் வெப்பமானியும் கொட்டகையிலேயே தயாராக இருப்பது வளர்ப்பவரின் பொறுப்பு. கருவிக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு இதில் கோட்டை விடுவது மனதுக்குப் பொறுக்காத இழப்பு.

அலாரமே தராத மாடு

கன்று ஈன்று 60 நாள் தாண்டியும் ஒரு முறைகூட ஒலிக்காத மாட்டைப் பற்றிக் கருவி ஒரு முக்கியமான செய்தி சொல்கிறது. பட்டை சரியாக இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். கருமுட்டைப் பையில் மஞ்சள் திட்டு இருந்தால் மாடு சுழற்சியில்தான் இருக்கிறது, பருவம் ஊமையாகப் போகிறது. திட்டு இல்லாமல் பை வழவழப்பாகச் சுருங்கியிருந்தால் சுழற்சியே தொடங்கவில்லை. பாலாகப் போகும் சத்தைத் தீவனம் ஈடு செய்யவில்லை என்று பெரும்பாலும் பொருள். அடர்தீவனமும், நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் இல்லாமல் எந்தப் பட்டையும் பருவத்தை வரவழைக்காது. வெறும் கிகுயு புல்லையும் காய்கறிக் கழிவையும் நம்பி நிற்கும் கொட்டகைகளில் முதல் செலவு தீவனத்துக்கே போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஊமைப் பருவ மாடுகளுக்கு மருத்துவர் ஹார்மோன் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்: முதல் நாள் ஜிஎன்ஆர்ஹெச் ஊசி, 7 நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், 56 மணி கழித்து மறுபடி ஜிஎன்ஆர்ஹெச், அதிலிருந்து 16 மணியில் கருவூட்டல். பருவத்தைப் பார்க்கவே தேவையில்லாத முறை இது. ஐந்தில் ஒரு மாட்டுக்கு இது, நான்குக்குக் கருவி என்று கலந்து நடத்துவது செலவைக் கட்டுக்குள் வைக்கும்.

இரண்டு மாட்டு வீடுகள்

12 மாடு வைத்திருப்பவர் இங்கே பெரிய ஆள்தான். படகர் ஊர்களான ஹட்டிகளிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் ஒன்றும் இரண்டுமாகத்தான் மாடுகள். இவர்களுக்குப் பட்டையின் விலை பெரிய தடை இல்லை, கேட்வேயும் மாதச் சந்தாவும்தான் தடை. ஒரு ஹட்டியின் வீடுகள் ஒரே சரிவில் நெருங்கி இருப்பதால், நல்ல உயரத்தில், உதாரணமாகப் பால் சங்கத்தின் கூரையில், வைத்த ஒரு லோரா கேட்வே நேர்ப்பார்வையில் உள்ள கொட்டகைகளுக்கெல்லாம் போதும். செலவைப் பாலின் அளவுக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ளலாம். பக்கத்து மாட்டோடு ஒப்பிடும் வசதி இரண்டு மாட்டுக் கொட்டகையில் கிடைக்காது என்றோமே, அது இப்படிச் சேரும்போது ஓரளவு கிடைக்கும்: காட்டெருமை வந்த இரவில் கீழ்வீட்டு மாடும் மேல்வீட்டு மாடும் சேர்ந்தே விழித்திருக்கும்.

அலாரம் யார் போனுக்கு வர வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். சங்கச் செயலாளரின் போனுக்கு மட்டும் வந்தால் அவர் உதகைக்குப் போன நாளில் எல்லாம் தவறும். மாட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எஸ்எம்எஸ் அவர்கள் எண்ணுக்குத் தமிழில் போக வேண்டும். மாட்டின் பெயர், காதுவில்லையின் கடைசி நான்கு இலக்கம், ஏற்றம் தொடங்கிய மணி, ஊசிக்கு உகந்த நேரம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. இந்த நான்கும் ஒரே செய்தியில் இருந்தால் அவர் செயலியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை, நேரே வாலைத் தூக்கிப் பார்க்கப் போகலாம்.